நாளைய மருத்துவமும் நான்காவது துணையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் நாடகமும் களிநடம் புரியும் ஆண்டு விழாவில் நோயைப் பற்றியும் மருத்துவத்தைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே நம் துணிபு. அறம், பொருள், இன்பம் என்று உலகியல் அனைத்தையும் வகுத்துரைத்த வள்ளுவப் பெருந்தகை, ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமும் வகுத்தார். திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் அது. அதன் இறுதியில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று அவர் எண்ணிக் காட்டுகிறார். நோயுற்றவன் ஒன்று, நோய் தீர்க்கும் மருத்துவன் ஒன்று, மருந்து ஒன்று, அருகிருந்து துணைசெய்பவன் ஒன்று. இந்த நான்காவது துணையைப் பற்றியே இன்று சிறப்பாகப் பேச விரும்புகிறோம். ஏனெனில், நம் வட்டாரத்தில் முதல் மூன்றுக்கும் திட்டங்கள் பல தீட்டப்பட்டுள்ளன. நான்காவதற்குத் திட்டம் தீட்டியவர் மிகச் சிலரே.

முதலில் நாம் வாழும் மண்ணின் வரலாற்றைச் சிறிது நினைவு கூர்வோம். சித்தூர் ஒரு காலத்தில் வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டம் ஆயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டமே பிரிக்கப்பட்டு, திருப்பதி ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. இவ்வாறு எல்லைக் கோடுகள் பலமுறை மாறின. ஆயினும் நோயாளி செல்லும் வழி மாறவில்லை. 1900-இல் அம்மையார் ஐடா ஸ்கடர் வேலூரில் சிறியதொரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கிய நாள் தொட்டு, சித்தூர்ச் சீமையின் நோயாளிகள் அங்கே சென்றவண்ணம் இருக்கின்றனர். சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். திருப்பதியோ அதனினும் இருமடங்கு தொலைவு. நோயுற்றவன் எல்லைக்கல்லைப் பார்த்து நடப்பதில்லை. அண்மையைப் பார்த்தே நடக்கிறான்.

திருப்பதியும் இன்று பெரும் மருத்துவ நகரமாக வளர்ந்திருக்கிறது. 1960-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1962-இல் ரூயா அரசு மருத்துவமனை எழுந்தது. 1985-இல் தேவஸ்தானத்தின் ஆதரவில் எலும்பு மூட்டு நோயாளர்க்கும் உடற்குறை உடையோர்க்கும் ‘பர்ட்’ என வழங்கும் நிலையம் ஏற்பட்டது. 1993-இல் ‘ஸ்விம்ஸ்’ திறக்கப்பட்டு, 1995-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 2021-இல் குழந்தைகளுக்கான இருதய மருத்துவமனையும், 2022-இல் டாட்டா அறக்கட்டளையினரின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனையும் திறக்கப்பட்டன. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சித்தூருக்கு அருகே குடிபாலாப் பக்கத்தில் ஒரு வளாகம் அமைத்துள்ளது. இவை யாவும் நாம் பெருமைப்பட வேண்டிய செல்வங்கள்.

இத்துணைச் செல்வம் இருக்க, இன்னும் திட்டம் எதற்கு என்று கேட்கலாம். அதற்கு 2021 மே 10-ஆம் நாள் இரவே விடை கூறும். கொரோனாப் பெருந்தொற்று உச்சத்தில் இருந்த வேளை அது. ரூயா மருத்துவமனையில் பிராணவாயுவின் அழுத்தம் சில நிமிடங்கள் தாழ்ந்தது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வரவேண்டிய வாயு லாரி உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. 11 உயிர்கள் பிரிந்தன என்று அரசினர் அறிவித்தனர். அங்கே மருத்துவர்கள் இருந்தனர், கட்டடம் இருந்தது, கட்டில் இருந்தது. தாழ்ந்துபோனது தொடர்பு ஒன்றே. ஒரு மாநிலத்தின் கட்டிலில் கிடந்தவரின் மூச்சு, மற்றொரு மாநிலத்தின் சாலையில் வந்துகொண்டிருந்தது. திட்டம் என்பது மேலும் மேலும் கட்டடம் எழுப்புவது அன்று. இருப்பவற்றை ஒன்றோடொன்று பிணைப்பதே என்பதை அந்த இரவு நமக்கு உணர்த்திச் சென்றது.

இதனை முன்னோர் அறியாதவர் அல்லர். 1946-இல் போர் குழுவினர் தம் அறிக்கையை வெளியிட்டபோது, உடனடித் திட்டமாக 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்றனர். நெடுநாள் திட்டமாக, பதினாயிரம் முதல் இருபதினாயிரம் மக்களுக்கு 75 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனை வேண்டும் என்றனர். அக்குழுவில் அமர்ந்திருந்த ஒருவர் டாக்டர் ஆர்க்காடு லட்சுமணசாமி முதலியார். 1887-இல் கர்நூலில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் விளங்கிய தமிழர் அவர். அவர் தலைமையில் 1959-இல் அமைந்த மற்றொரு குழு, புதிய நிலையங்களைத் திறப்பதற்கு முன் இருக்கும் நிலையங்களை வலுப்படுத்துக என்று அறிவுரை கூறிற்று. ஆந்திர மண்ணில் பிறந்த தமிழர் ஒருவர் நாடு முழுவதற்கும் கூறிய அந்த அறிவுரை, இன்றைய சித்தூருக்கும் திருப்பதிக்கும் அப்படியே பொருந்துகிறது.

இனி, இவ்வட்டாரமே உலகிற்கு வழங்கிய ஒரு பாடத்தைக் காண்போம். 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகில், 1915-இல் ‘ஆரோக்கியவரம்’ என்னும் காசநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட் மோலர் அதன் முதல் தலைவர். காசநோய்க்கு மருந்து தோன்றாத காலம் அது. தூய காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகிய மூன்றே மருந்து. குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், அங்கே தங்கினர். பின்னர் 1948-இல் நம் நாட்டில் பி.சி.ஜி. தடுப்பூசிப் பணி தொடங்கியபோது, முதற்களங்களில் ஒன்றாக விளங்கியதும் மதனப்பள்ளியே.

மருந்துகள் வந்த பிறகு ஒரு கேள்வி பிறந்தது. இத்தனை நோயாளிகளுக்கும் சானடோரியங்கள் கட்டி முடியுமா? நாடு முழுவதும் கட்டில் போட்டாலும் போதாதே! இதற்கு விடை காண 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தியது அது. ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகையே வியக்க வைத்தது. நெருக்கமான வீடுகளில், எளிய உணவு உண்டு, மருந்தைத் தவறாது உட்கொண்டவர்களும் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தார்க்கு அதனால் கூடுதல் தொற்றும் நேரவில்லை. அதன்பின் உலகெங்கும் காசநோய் மருத்துவம் வீட்டை நோக்கித் திரும்பியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வீட்டு மருத்துவம் நோயாளியைக் கைகழுவி விட்டதன் மறுபெயர் அன்று. சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்றனர். எஞ்சிய மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர். முன்னறிவிப்பின்றிச் சிறுநீரைச் சோதித்தனர். மனம் தளர்ந்தவர்க்குத் தேறுதல் கூறினர். வீடு மருத்துவமனை ஆவதற்கு வெளியிலிருந்து ஒருவர் வாயிற்படி ஏறி வரவேண்டும். அவர் வாராவிடில், வீட்டு மருத்துவம் என்பது வெறும் கைவிடுதலே ஆகும்.

இப்பாடம் இன்று நமக்கு ஏன் வேண்டும்? நோயின் வடிவம் மாறிவிட்டது. அன்று கொன்றவை காலராவும் அம்மையும் காசமும். இன்று வருத்துபவை இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, புற்று, முதுமை மறதி. இவை ஓரிரு வாரங்களில் தீர்ந்து போகும் நோய்கள் அல்ல. ஆண்டுகளாக உடனுறையும் நோய்கள். மருத்துவமனையில் பத்து நாள் என்றால், வீட்டில் பத்து ஆண்டு.

மக்கள் தொகையின் வடிவமும் மாறிவிட்டது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அறுபது வயது கடந்தோர் இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர், அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 9.8 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். 2019–21 குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் ஆந்திரத்தில் 1.7, தமிழ்நாட்டில் 1.8. முதியோர் பெருகுகின்றனர், தாங்கும் தோள்கள் குறைகின்றன. நம் குடியிருப்பையே எண்ணிப் பாருங்கள். மகன் பெங்களூரில், மகள் சென்னையில், அன்றிக் கடல் கடந்து. இங்கே தாயும் தந்தையும் மட்டும். ஒருவர் படுக்கையில் வீழ்ந்தால், மற்றவரும் எழுபதைக் கடந்தவர். அவர்தாம் தாங்க வேண்டும்.

அரசுகள் கைகட்டி நிற்கவில்லை. 2005-இல் ஆந்திரத்தில் 108 ஊர்தி ஓடத் தொடங்கிற்று. 2007-இல் ‘ஆரோக்கியஸ்ரீ’ திட்டம் ஏழைகளுக்குப் பெரிய அறுவை மருத்துவத்தின் கதவைத் திறந்தது. 2024 அக்டோபரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டம், எழுபது வயது நிறைந்தோர் அனைவர்க்கும் வருமான வரம்பு பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்புக்கு வழி செய்தது. நம் முதியோரில் இதற்குப் பதிவு செய்யாதவர் எவரேனும் இருப்பின், இவ்விழா முடிந்ததும் அதனைச் செய்து கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஆயினும் இக்காப்புத் திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலுக்கே பணம் தருகின்றன. கட்டிலை விட்டு இறங்கி வீடு வந்த பின், புண்ணுக்கு மருந்திட வரும் கைக்கும், மரத்துப்போன காலுக்குப் பயிற்சி தரும் கைக்கும் அவற்றில் இடமில்லை. வள்ளுவர் எண்ணிய நான்கில் நான்காவது கணக்கில் விடுபட்டுப் போயிற்று.

இதற்கு வழிகாட்டிகள் அண்மையிலேயே இருக்கின்றனர். கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்களும் அன்பர்களும் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றி, செவிலியரோடு வீடு வீடாகச் சென்றது. 2008-இல் கேரள அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. நம் எல்லையை அடுத்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள், தமிழ்நாட்டரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீடு தேடி வருவதும், இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டிற்கே வருவதும் அதன் உறுப்புகள். ஆந்திரத்திலும் 2023-இல் மருத்துவர் கிராமங்களுக்கே செல்லும் குடும்ப மருத்துவர் திட்டம் தொடங்கப்பட்டது. ஆகவே நாம் கேட்கப் போவது எவரும் காணாத புதுமை அன்று.

ஆனால் ஒரு தடையை மறைக்காமல் கூற வேண்டும். ‘வீட்டிலேயே பராமரிப்போம்’ என்று மேடையில் கூறுவது எளிது. வீட்டில் பராமரிப்பவர் யார்? மனைவி, மகள், மருமகள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பவர் அவர். படுக்கைப் புண் வாராதிருக்க இரண்டு மணிக்கொருமுறை புரட்ட வேண்டும் என்று மருத்துவர் கூறிவிடுகிறார். அதனைச் செய்பவரின் உறக்கத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. வேலைக்குச் சென்றுகொண்டிருந்த பெண் வேலையை விடுகிறார். தம் இடுப்பு வலியைத் தாமே மறைக்கிறார். இந்தச் சுமையைப் ‘பண்பாடு’ என்று பாராட்டிவிட்டு நகர்வது நீதியன்று. வீட்டு மருத்துவம் பெண்ணின் முதுகில் ஏற்றும் மூட்டையாக முடியுமானால், அதைவிடச் சானடோரியமே மேல் என்று நாம் கூறத் தயங்கமாட்டோம். ஆகவே நாளைய திட்டத்தின் முதல் விதி இதுவாகட்டும்: நோயாளிக்கு ஒரு துணை, துணைக்கும் ஒரு துணை.

அரசினரிடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, பெரிய மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு படி. அறுவை முடிந்து, வீடு செல்லும் அளவு வலிமை பெறாதவர் சில வாரங்கள் தங்கித் தேறுவதற்கு, மண்டல அளவிலுள்ள அரசு மருத்துவமனைகளில் படுக்கைகள் வேண்டும். இரண்டு, ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் வீடு செல்லும் செவிலியரும் இயன்முறைப் பயிற்சியாளரும் ஊதியத்தோடு வேண்டும். மூன்று, இரு மாநிலத்து மருத்துவமனைகளுக்கும் இடையே ஒழுங்கான உடன்பாடு வேண்டும். 2019 நவம்பரில் ஆந்திர அரசு தன் காப்புத் திட்டத்தைச் சென்னை, பெங்களூர், ஐதராபாத் நகரத்து மருத்துவமனைகள் சிலவற்றுக்கு விரித்தது நல்ல தொடக்கம். பணத்தைப் போலவே, மருத்துவக் குறிப்பும், இரத்தமும், பிராணவாயுவும் எல்லையில் தேங்கி நில்லாமல் செல்ல வேண்டும். நான்கு, நோயாளியின் மொழி. எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்பதை மனிதன் தாய்மொழியிலேதான் சரியாகச் சொல்கிறான். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு என்று நம் பாட்டிமார் கூறும் வேறுபாடுகள் மருத்துவர்க்கு நோயின் இடத்தையே காட்டும். திருப்பதிக்கு வரும் தமிழ் யாத்திரிகரும் சித்தூரில் வாழும் தமிழ் முதியோரும் தம் நோயைத் தமிழில் கூறவும், வேலூர் செல்லும் தெலுங்கு அன்பர் தெலுங்கில் கூறவும் வசதி வேண்டும்.

இவற்றை நாம் தமிழர்க்கு மட்டும் கேட்கவில்லை. அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மையார்க்கும் இதே முதுமை, இதே தனிமை. ஆகவே விண்ணப்பம் இரு மொழியினரும் கையெழுத்திட்ட விண்ணப்பமாக இருத்தல் வேண்டும்.

அரசு செய்யும் வரை நாம் காத்திருப்பதா? இல்லை. நம் சங்கம் நாளையே தொடங்கக்கூடிய பணிகள் சில உள்ளன. முதலாவது, ஒரு குறிப்பேடு. தனித்து வாழும் முதியோர், படுக்கையில் இருப்போர், தொடர்ந்து மருந்து உண்போர் ஆகியோர் பெயர்களை, அவரவர் இசைவு பெற்று மட்டுமே, எழுதி வைப்போம். இரண்டாவது, வீட்டுக்கு ஓர் அட்டை. நோய், உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்து, இரத்தப் பிரிவு, பிள்ளைகளின் தொலைபேசி எண் ஆகியவை தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்று மொழியிலும் அதில் இருக்கட்டும். கதவின் உட்புறத்தில் தொங்கட்டும். மூன்றாவது, அவசரத்துக்கு ஆயத்தம். பக்கவாதம் தாக்கினால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும் என்பர். அந்த வேளையில் எங்கே செல்வது என்று கூடிப் பேசுவதில் ஒரு மணி கழிந்தால், அது மூளையில் கழிந்த ஒரு மணி. இரவில் தலை ஸ்கேன் எடுக்கும் வசதி எந்த மருத்துவமனையில் உண்டு என்பதை இன்றே கேட்டறிந்து அட்டையில் எழுதுவோம்.

நான்காவது, மருத்துவமனைத் துணை. இளைஞர்கள் முறை வைத்துக்கொண்டு, துணையற்ற முதியவரோடு மருத்துவமனைக்குச் சென்று, வரிசையில் நின்று, மருத்துவர் கூறுவதைத் தமிழில் எடுத்துரைத்து, மருந்து வாங்கி வீடு சேர்க்க வேண்டும். இருமொழியும் அறிந்த நம் இளைஞர்களுக்கு இதனினும் சிறந்த மொழித் தொண்டு வேறு என்ன உண்டு? ஐந்தாவது, வாரத்தில் ஓர் அரைநாள் விடுதலை. படுக்கையில் உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார்க்கு அந்த அரைநாள் அவருடையது. கோயிலுக்குச் செல்லட்டும், தங்கை வீட்டுக்குச் செல்லட்டும், கதவைச் சாத்திக்கொண்டு உறங்கட்டும். அந்நேரம் சங்கத்தார் இருவர் வந்து அமர்வர். ஆடவரும் இம்முறையில் தவறாது இடம்பெற வேண்டும் என்பது நம் நிபந்தனை. தூக்குவது, புரட்டுவது, ஊட்டுவது எவ்வாறு என்று பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரைக் கொண்டு முதலில் கற்றுக்கொள்வோம். அன்பு மட்டும் இருந்து கைப்பழக்கம் இல்லையேல் நோயாளிக்குத் துன்பமே மிஞ்சும்.

அன்பர்களே! சங்கம் என்னும் சொல்லுக்குக் கூட்டம் என்பது பொருள். விழா நாளில் கூடுவது ஒரு கூட்டம். ஒருவர் வீழ்ந்த நாளில் கூடுவதும் ஒரு கூட்டம். முதலாவதில் நாம் தேர்ந்தவர்கள் என்பதை இம்மண்டபமே காட்டுகிறது. இரண்டாவதிலும் தேர்ச்சி பெற வேண்டும். நாற்காலிகளை மடித்து வைக்கும் முன், செயலாளர் மேசைமேல் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று, துணை வேண்டுவோர் பெயர் எழுத. மற்றொன்று, துணை நிற்போர் பெயர் எழுத. இரண்டாம் தாள் முதல் தாளினும் நீளுமாயின், இவ்வாண்டு விழா நிறைவான விழாவாகும். நீளவில்லையாயின், அடுத்த ஆண்டு இதே பொருளை மீண்டும் பேசச் சங்கம் நமக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.